ஒன்பதாவது எபிசோடில் தலை திரும்பும் இடம்

ஒரு தொடரின் கடைசி எபிசோடு வந்து ஒரு மாதமாவது போகாமல் அதைப் பற்றி நான் கருத்துச் சொல்வதில்லை. பிரிக்பீல்ட்ஸில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் எங்கள் அனிமே ரசிகர் குழுவில் இது எல்லாருக்கும் தெரியும். நான் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எந்தக் கப்பல் என்றைக்கு வருவதாகச் சொன்னது, என்றைக்கு வந்தது என்று குறித்துவைப்பதுதான் பிழைப்பு. வருவதாகச் சொன்ன நாளை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது என்பது அந்த வேலையில் கற்றது. தொடர்களிடமும் அப்படியே நடந்துகொள்கிறேன்.

போன ஆண்டு மழை மாதங்களில் வந்து முடிந்த ஒரு தொடரைப் பற்றி நான் வாய் திறக்காமல் இருந்த அந்த ஒரு மாதம்தான் இங்கே நான் எழுதப்போவது. தொடரின் பெயரைச் சொல்லமாட்டேன். ஏன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும்.

அது ஒரு பழைய தொடரின் தொடர்ச்சி. முதல் தொடர் நாங்கள் பள்ளியில் படிக்கும்போது மாலை நேரத்தில் மலாய்க் குரலில் தொலைக்காட்சியில் ஓடியது. சண்டையிடும் தீவுகளுக்கு நடுவே படகில் செய்தி கொண்டுபோகும் ஒரு பையனும் ஒரு பெண்ணும் அதில் நாயகர்கள். கிள்ளானில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து பார்ப்போம். தங்கச்சி என்னைவிட ஆறு வயது சின்னவள். அவள் பார்த்ததைவிட, தொலைக்காட்சிக்கு முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு அந்தப் படகை வரைந்ததுதான் அதிகம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கமெல்லாம் படகு.

தொடர்ச்சியில் இருபது வருஷம் கழிந்துவிட்டது. போர் முடிந்துவிட்டது. அந்தப் பையன் நரைத்த ஆளாகி, ஒரு ஆற்றுப் படகுத்துறையில் பயணிகளின் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறான். அவனுக்கு ஒரு மகள். கூடப் பயணம் செய்த பெண் அக்கரையில் பெரிய அதிகாரி, அவனோடு பேசுவதில்லை. ஏன் பேசுவதில்லை என்பதைச் சொல்லவே தொடர் ஏழு எபிசோடு எடுத்துக்கொள்கிறது.

எங்கள் குழு இரண்டாகப் பிளந்தது. பெரிய பாதிக்குக் கோபம். சின்ன வயதில் போற்றிய வீரனை டிக்கெட் கிழிக்க வைத்துவிட்டார்கள் என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர், தன் அப்பா பஸ் கண்டக்டர், அதைப் பார்க்கத் தனியாக ஜப்பானிலிருந்து ஒரு தொடர் தேவையா என்று கேட்டார். சின்ன பாதி, இதைவிட நல்ல தொடர்ச்சி வந்ததே இல்லை என்றது. இரண்டு பாதியும் சேர்ந்து சிரித்த ஒரே இடம் ஒன்பதாவது எபிசோடில் வந்தது.

ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் நாயகன். மகள் பின்னாலிருந்து, அந்த அதிகாரியம்மா படகில் ஏறிவிட்டாள் என்கிறாள். அவன் திரும்புகிறான். எட்டு எபிசோடாகக் காத்திருந்த திருப்பம் அது. ஆனால் தலை திரும்புவது மனிதத் தலை போல் இல்லை. மெதுவாகக் கிளம்புகிறது, நடுவில் சட்டென்று எகிறுகிறது, அந்தப் பக்கம் போய் மறுபடி மெதுவாக நிற்கிறது. அன்றைக்கே யாரோ அந்தத் தலையை ஒரு ஸ்டாண்ட் ஃபேனில் ஒட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் செய்துவிட்டார்கள். அடுத்த வாரம் முழுக்க, வெயில் அதிகம் என்றாலும் அந்த ஸ்டிக்கர், கரண்ட் போய்விட்டது என்றாலும் அந்த ஸ்டிக்கர்.

நானும் சிரித்தேன். நன்றாகவே செய்திருந்தார்கள்.

தங்கச்சி சுபாங் ஜெயாவில் ஒரு சின்ன அனிமேஷன் நிறுவனத்தில் வரைகிறாள். விளம்பரப் படங்கள், குழந்தைப் பாட்டுகள் என்று சொல்வாள். வெளிநாட்டு வேலையும் வரும், அதைப் பற்றிப் பேசக்கூடாதென்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பதால் நாங்கள் கேட்பதில்லை. தொடர் முடிவதற்குச் சில வாரம் முன்னாலிருந்தே அவள் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்தே வைத்தாள். என் கைப்பேசியில் குழுச் செய்தி வரும் சத்தம் கேட்டால் எழுந்து அறைக்குப் போய்விடுவாள். அம்மா அதைக் காதல் விவகாரம் என்று முடிவு செய்து, பையன் என்ன ஆள் என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்.

பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், மேருவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை காலியிருப்பதாகப் பெரியம்மா மகன் சொன்னதாகவும், தான் போகலாமென்று இருப்பதாகவும் சொன்னாள். என்ன வேலை என்று கேட்டதற்கு, ஸ்டோரில் வரும் சாமான் போகும் சாமான் எழுதுவது என்றாள். அம்மாவுக்குச் சந்தோஷம், வீட்டுக்குப் பக்கம். வரைவதைத் தவிர வேறு எதையும் அவள் செய்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரத்தில் ஒரு மாலை நல்ல மழை. அவளை அழைத்துவரக் காரில் சுபாங் ஜெயா போனேன். திரும்பும்போது ஃபெடரல் ஹைவேயில் வண்டிகள் நகரவில்லை. பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, தைப்பூசம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை குழுவில் நான்தான் பேசப்போகிறேன், அந்தத் தொடரைப் பற்றித்தான் என்றேன். அவள் வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தல திரும்பறது நான் வரைஞ்சது ண்ணே."

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் முன்வண்டி நகர்ந்துவிட்டதைக் கவனித்தேன்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அசைவின் தொடக்கப் படமும் முடிவுப் படமும் ஜப்பானிலிருந்து வரும். அதற்குக் கீ என்று பெயர். நடுவே வரும் படங்களை வரைவது இவர்கள் வேலை. அது இன்பிட்வீன். கீ படத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்து அதில் குறுக்குக் கோடுகள் போட்டிருப்பார்கள். குறுக்குக் கோடுகள் எந்த முனையில் நெருங்கியிருக்கின்றனவோ, அந்த முனையில் அசைவு மெதுவாகும். இந்தக் காட்சிக்கு முதலில் வந்த கோட்டில் தொடக்கத்தில் நெருக்கம். தயங்கித் தயங்கித் திரும்பவேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். தீபாவளி விடுப்புக்கு முந்தின நாள் மத்தியானம் மாற்றிச் சொன்னார்கள்: வேண்டாம், உடனே திரும்பட்டும், பார்த்த பிறகு மெதுவாக நிற்கட்டும்.

அவர்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளிக்குத் தமிழர்களின் மேசையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் பெருநாளுக்கும் தமிழர்கள் அதைத் திருப்பிச் செய்வார்கள். தங்கச்சியின் மேசையைப் பார்த்துக்கொள்வது பக்கத்து மேசை மலாய்ப் பெண். இவள் மாற்றிச் சொன்னபடி பின்பாதியை வரைந்துவிட்டு, முன்பாதியை அவளுக்கு விட்டுவிட்டு, முறுக்கு சுடக் காத்திருக்கும் அம்மாவுக்காக ரயிலைப் பிடித்தாள். ஓரத்துக் கோட்டை மாற்றி எழுத மறந்துவிட்டாள். அந்தப் பெண் பழைய கோட்டைப் பார்த்து முன்பாதியைச் சரியாக வரைந்தாள். ஆக, இரண்டு முனையிலும் நெருக்கம். நடுவில் ஒரு தாவல். சரிபார்க்க வேண்டியவர்களிடம் அன்று மலைபோல் வேலை. படம் போய்விட்டது.

பக்கத்து மேசைப் பெண்ணிடம் இவள் சொல்லவில்லை. மேலே உள்ளவர்கள் கேட்டபோது காட்சி தன் பொறுப்பு என்றாள். அவர்கள் பெரிதாகத் திட்டவில்லை. அதுதான் மோசம் என்றாள் தங்கச்சி. திட்டாதது மட்டுமில்லை, கீ வரைவதற்கான தேர்வுக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தார்கள். இந்த நாட்டிலிருந்தபடியே கீ வரையக் கிடைப்பது லேசில்லை. மூன்று வருஷமாக அவள் அதற்குத்தான் காத்திருந்தாள். தேர்வு, என் கூட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை. மேரு வேலைக்குப் பதில் சொல்லவேண்டியதும் அதே திங்கள். தேர்வுக்குப் போகப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னாள். பேனாவை எடுத்தால் கோடு இழுக்குமுன் ஃபேன் ஞாபகம் வருகிறதாம்.

ஷா ஆலம் தாண்டியதும் மழை விட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னொண்ணு. எனக்காக அங்க போயி நல்லா இருக்குன்னு சொல்லாத. சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. நான் முப்பது, நாற்பது பேருக்கு முன்னால் ஒரு தொடரை எடைபோடவேண்டும். குறை சொன்னால் அவள் மேல் விழும். சொல்லாவிட்டால் பொய். தீபாவளி விடுப்புக் கதையைச் சொல்லி அவளைக் காப்பாற்றலாமென்றால், அவள் போட்ட கையெழுத்து. தொடரின் பெயரோ ஆட்களின் பெயரோ இல்லாமல் எழுதிக்கொள் என்று அவளே பிறகு அனுமதி கொடுத்ததால்தான் இப்போது இதை எழுதுகிறேன். அன்று அந்த வழியும் இல்லை.

தொடரை முதலிலிருந்து திரும்பப் பார்த்தேன். வேலை முடிந்து வந்து, தினம் ஒன்று, சத்தத்தைக் குறைத்து வைத்து. அதோடு நிற்காமல் பழைய முதல் தொடரையும் தேடிப் பார்த்தேன். தைப்பூசக் காவடிக்கு அண்டைவீட்டார் ஒத்திகை பார்க்கும் உருமிச் சத்தம் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

முதல் தொடர் எனக்கு அதிர்ச்சி. நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதிகூட நன்றாக இல்லை. ஒரே அலையைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். ஒரு எபிசோடில் பெண்ணின் சட்டைப் பொத்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறுகிறது. நடுவில் பத்து எபிசோடு கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு தீவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி சின்னது, ஆன்டெனா சரியில்லை, பொத்தானெல்லாம் அதில் தெரியவே தெரியாது. தெரியாததை மன்னிக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்தத் தொடரை நேசிக்கவைத்தது எங்கள் கண்ணா, அந்தக் கலங்கல் திரையா என்று யோசித்தேன்.

தொடர்ச்சியில் உண்மையான பலவீனங்கள் இருந்தன. ஐந்தாவது எபிசோடில் வரும் புதிய எதிரிக்கு எந்தக் காரணமும் இல்லை. டிக்கெட் கிழிக்கும் மனிதனின் கதையில் சண்டை இல்லையே என்று பயந்து யாரோ கொண்டுவந்து விட்டதுபோல் இருக்கிறான். அழவேண்டிய இடத்திலெல்லாம் பழைய தொடரின் பாட்டைப் போடுகிறார்கள். முதல் தடவை நானும் கூடவே முணுமுணுத்தேன். நான்காம் தடவை, கல்யாண வீட்டில் போட்டோகிராபர் சிரிக்கச் சொல்வதுபோல் இருந்தது. அக்கரை அதிகாரியம்மாவுக்கு ஏழாவது எபிசோடு வரை தனியாக ஒரு காட்சிகூட இல்லை. கடைசி மூன்று எபிசோடும் ஓடி ஓடி மூச்சு வாங்குகின்றன. இதையெல்லாம் மென்மையாகச் சொல்ல வழியில்லை.

ஆனால் டிக்கெட் கிழிப்பது பலவீனமில்லை. நான் வேண்டுமென்றே மறுபடி மறுபடி பார்த்தேன், தங்கச்சிக்காக இளகிவிட்டேனோ என்ற சந்தேகத்தில். இல்லை. அந்த ஆள் வேலை செய்வதைக் காட்டும் இடங்களெல்லாம் நிதானமாக இருந்தன. ஈர டிக்கெட்டைக் கிழிக்கும்போது கோணலாகப் போகும், அதை அவன் சட்டையில் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். மகளுக்கு அப்பாவின் வீரக் கதைகளில் அக்கறை இல்லை. போர் முடிந்த ஊரில் எல்லாரும் சந்தோஷமாக இல்லாமல், சும்மா களைப்பாக இருக்கிறார்கள். இருபது வருஷமாகத் துறைமுகத்தில் வேலை பார்ப்பவனுக்கு இது பொய்யில்லை என்று தெரியும்.

ஒன்பதாவது எபிசோடில் மட்டும் எனக்கு வழி கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தலை திரும்பியது, எகிறியது, நின்றது. அந்தக் காட்சி மோசம். அதில் சந்தேகமே இல்லை.

இதற்கு மேல் இன்னொரு தொல்லையும் இருந்தது. எங்கள் குழுவில் யாரும் பேசுவதற்கு முன்னால், அந்தத் தொடரிலேயே மட்டமான காட்சியைப் பெரிய திரையில் மூன்று முறை ஓட்டுவோம். அதற்குப் பூசை என்று பெயர். திட்டவேண்டியதை எல்லாரும் அப்போதே திட்டித் தீர்த்துவிடலாம், பிறகு பேச்சாளரை நிம்மதியாகப் பேசவிடலாம் என்பது ஏற்பாடு. எந்தக் காட்சி என்பதில் இந்தத் தடவை போட்டியே இல்லை.

குழுவை நடத்தும் நண்பருக்கு ஸ்ரீ கெம்பாங்கானில் ஏர்கான் பழுது பார்க்கும் கடை. கூட்டத்துக்கு முந்தின வாரம் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் கூடும் உணவகத்தின் மாடி அறைக்கு ஏர்கான் பார்க்க வந்திருந்தார். நானும் போனேன். ஏணி மேல் நின்றிருந்தவரிடம், இந்த முறை பூசைக்கு அந்த எதிரியின் அறிமுகக் காட்சியைப் போடலாமே, நியாயமாகப் பார்த்தால் அதுதான் மட்டம் என்றேன். அவர் இறங்கி வந்து என்னை உற்றுப் பார்த்தார்.

"என்ன பாஸ், ஜப்பான்காரன் உங்களுக்கு டிக்கெட் அனுப்பிட்டானா?"

நான் சிரித்துச் சமாளித்தேன். அவர் விடவில்லை. ஃபேன் காட்சி இல்லாமல் கூட்டம் வைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள், காஜாங்கிலிருந்து ஒரு பையன் அந்த ஸ்டிக்கரை டி-ஷர்ட்டில் அடித்துக்கொண்டு வருகிறான் லா என்றார். உங்களுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது, இப்படித்தான் ஒவ்வொருவராக இளகிப்போகிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். அதற்கு மேல் காரணம் சொல்லாமல் கேட்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். மறைத்தால் அதுவும் தப்பாகிவிடும் என்று பட்டது. அவளுக்கு வந்த கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"உன்ன யாரு கேக்கச் சொன்னது? நான் என்ன சின்னப் புள்ளயா, அவங்க சிரிக்காம நீ வாயப் பொத்தறதுக்கு?"

கொஞ்ச நேரம் கழித்து, தானும் அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். வருவதாக மறுபடி சொன்னாள். அந்த நாட்களில் நான் அனுபவித்த பயத்தில் அதுதான் உச்சம். கூட்டத்தில் அவள் அழுதால், எழுந்து ஓடினால், அல்லது யாராவது டி-ஷர்ட்டைக் காட்டி அவளிடமே ஜோக் சொன்னால் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

ஞாயிறு மத்தியானம் கிள்ளானிலிருந்து ரயிலில் போனோம். பத்துமலையில் நேர்த்தி முடித்துவிட்டு மொட்டையடித்த தலையில் சந்தனத்தோடு ஒரு குடும்பம் எதிரே இருந்தது. நான் எழுதிவைத்திருந்த பேச்சை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். எடுத்தால் அவள் பார்த்துவிடுவாள் என்று பயம்.

மாடி அறை நிறைந்திருந்தது. அவளை என் தங்கச்சி என்று மட்டும் அறிமுகப்படுத்தினேன். நண்பர் அவளுக்கு நாற்காலி போட்டு, ஏர்கானுக்கு நேராக உட்காராதம்மா, சளி பிடிக்கும் என்றார். டி-ஷர்ட் பையனும் வந்திருந்தான். அவளுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தான். அவன் முதுகிலும் ஃபேன் இருந்தது.

பூசை தொடங்கியது. முதல் முறை அறையே அதிர்ந்தது. யாரோ ஸ்பீட் மூணுல வை என்று கத்தினார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தேன். கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இரண்டாம் முறை சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அவள் கண்ணை மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன், மூடவில்லை. மூன்றாம் முறை அவள் உடம்பை முன்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ எண்ணுவதுபோல் உதட்டை அசைத்தாள். காட்சி முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்தாள். கை வாரை விட்டிருந்தது.

பிறகு நான் பேசினேன். பழைய தொடர் நமக்கு ஞாபகமிருப்பதுபோல் நன்றாக இல்லை என்று ஆரம்பித்ததும் சலசலப்பு. பொத்தான் விஷயத்தைச் சொன்னேன். எதிரியை, பாட்டை, கடைசி மூன்று எபிசோடைச் சொன்னேன், கோபக்காரர்கள் தலையாட்டினார்கள். அடுத்து டிக்கெட்டுக்கு வந்தேன். நம் வீடுகளில் பட்டாபிஷேகத்தோடு கதையை மூடிவிடுவது வழக்கம், அதற்குப் பிறகும் ஒரு காண்டம் இருக்கிறது என்று தெரிந்தும் யாரும் எடுப்பதில்லை. முடிசூட்டிய மறுநாள் காலையில் என்ன நடந்தது என்று பார்க்க நமக்குத் தைரியம் போதாது. இந்தத் தொடர் அந்த மறுநாள் காலையைப் பார்க்கிறது, அதற்காகவே அதை மதிக்கிறேன் என்றேன். கண்டக்டர் மகன், தன் அப்பாவுக்கும் ஒரு பட்டாபிஷேகம் நடத்தியிருக்கலாமே என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்து ஒன்பதாவது எபிசோடு.

எழுதிவைத்ததைப் பார்க்காமலேயே சொன்னேன். அந்தத் தலை திரும்புவது மோசமாக வந்திருக்கிறது. வரைந்தவர்களுக்கு நேரம் இல்லாமல் போயிருக்கலாம். ஆனாலும் அந்த ஒரு திரும்பலில் எட்டு எபிசோடின் பாரத்தையும் ஏற்றியது கதை எழுதியவர்களின் தப்பு. அதிகாரியம்மாவுக்கு முன்னாலேயே இரண்டு காட்சி கொடுத்திருந்தால், அவன் எப்படித் திரும்பினாலும் நாம் அவன் பார்ப்பதைப் பார்த்திருப்போம். அவளை நமக்குத் தெரியாததால் அவன் கழுத்தைப் பார்த்தோம். அதே எபிசோடில், ஈர டிக்கெட்டைத் துடைக்கும் கையைப் பாருங்கள், இரண்டு தொடரிலும் சேர்த்து எனக்குப் பிடித்த அசைவு அதுதான் என்றேன்.

அதை வரைந்ததும் அவளாக இருக்கவேண்டும் என்று உள்ளூர ஆசைப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவள் பக்கம் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது டி-ஷர்ட் பையன் அவளிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டு, குடித்துக்கொண்டிருந்த தே தாரேயை மேசையில் வைத்தேன். பக்கத்தில் போனேன். அவன் அந்த ஃபேனைத் தானே வரைந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அவன் முதுகைத் திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஃபேன் கம்பிகளின் இடைவெளி ஒரே மாதிரி இல்லை, அடுத்த தடவை கோணத்தைப் பிரித்து வரை என்று சொன்னாள். பையன் சரி அக்கா என்றான்.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அவளாகப் பேசட்டும் என்று காத்திருந்தேன். சுபாங் ஜெயா வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேச்ச குழுவுல எழுதிப் போடறப்ப, நேரம் இல்லாம போயிருக்கலாம்ன்னு சொன்னியே, அந்த வரிய எடுத்துடு. எல்லாருக்குந்தான் நேரம் இல்ல."

எடுத்துவிடுகிறேன் என்றேன். கதை எழுதியவர்கள் தப்பு என்றது சரியா என்று கேட்டேன். அது சரி, ஆனால் அது வேறு தப்பு, இது வேறு தப்பு என்றாள். காட்சி வெளிவந்த நாளிலிருந்து அதை இன்றைக்குத்தான் முழுதாகக் கண்ணைத் திறந்து பார்த்தாளாம். தாவல் எந்த இரண்டு படங்களுக்கு நடுவில் என்று மூன்றாம் முறையில் பிடித்துவிட்டாளாம். இன்னும் ஒரே ஒரு படம் நடுவில் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கும் என்று விரலால் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டினாள்.

"நெனச்ச அளவுக்கு மோசமில்ல. மோசந்தான்."

துணிந்து, டிக்கெட் துடைக்கும் அந்தக் கை யார் வரைந்தது என்று கேட்டேன்.

"அது நானில்ல. பக்கத்து மேசைக்காரி. நாளைக்குப் போனதும் மொத வேலையா அவகிட்ட சொல்லணும், அம்பது பேருக்கு முன்னால ஒருத்தர் பாராட்டினாருன்னு."

நாளைக்குப் போனதும் என்று அவள் சொன்னதை நான் திருப்பிக் கேட்கவில்லை. அறையில் ஐம்பது பேர் இல்லை என்பதையும் சொல்லவில்லை. ஷா ஆலம் வருமுன் அவள் கைப்பேசியை எடுத்துப் பெரியம்மா மகனுக்கு ஏதோ எழுதினாள். எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள். அனுப்பிவிட்டுப் பையில் போட்டாள். அம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் நான் நடுவில் வரவேண்டாம் என்றும் சொன்னாள்.

திங்கட்கிழமை தேர்வுக்குப் போனாள். அதே நாளில் பக்கத்து மேசைப் பெண்ணிடம் பாராட்டோடு சேர்த்து ஓரத்துக் கோட்டை மாற்ற மறந்த கதையையும் சொல்லிவிட்டாளாம். அந்தப் பெண், இனிமேல் விடுப்புக்குப் போகுமுன் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றாளாம்.

தேர்வில் தேறவில்லை. திருத்தி அனுப்பியிருந்த தாள்களை இரண்டு நாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். அடுத்த முறை பெயர் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், எப்போது என்று சொல்லவில்லை. அவள் கூடத்தில் உட்கார்ந்து மின்பலகையில் கழுத்தாக வரைந்து தள்ளுகிறாள்: அம்மாவின் கழுத்து, என் கழுத்து, பக்கத்துவீட்டுப் பூனையின் கழுத்து. கூப்பிட்டால் திரும்பச் சொல்லி, இன்னொரு தடவை, மெதுவாக, என்கிறாள். அம்மா சமையலுக்கு நடுவில் திரும்பித் திரும்பிக் கழுத்து வலிக்கிறது என்று என்னிடம் புகார் சொல்கிறார். அவளை நினைத்தால் எனக்கு இன்னும் பயம் போகவில்லை. ஆனாலும் கூப்பிடும்போதெல்லாம் திரும்புகிறேன்.